மலையேறிய டிராம்

முப்பத்து மூன்று வருடம் நான் மின்சார ரயிலில் கார்டாக இருந்தேன். கடற்கரையிலிருந்து தாம்பரம், தாம்பரத்திலிருந்து கடற்கரை. நான் போன தூரத்தை நீட்டிப் போட்டால் உலகத்தைப் பல சுற்று வந்துவிடலாம் என்று ஓய்வு பெற்ற அன்று ஒருவர் மேடையில் பேசினார். செங்கல்பட்டைத் தாண்டி எனக்கு அவ்வளவாகப் பழக்கமில்லை என்பதை அவர் சொல்லவில்லை. அதனால் கள்ளக்குறிச்சிக்குப் போகிறேன் என்றதும் வீட்டில் போர்வை, பிளாஸ்க், வயிற்றுப்போக்கு மாத்திரை, ஊறுகாய் எல்லாம் கட்டிக் கொடுத்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர் எப்போது திரும்புவீர்கள் என்று கவலையாகக் கேட்டார்.

போன காரணம் ஒரு தண்டவாளத் துண்டு.

எங்கள் ஊரில் ஒரு காலத்தில் மின்சார டிராம் ஓடியது. நாட்டிலேயே முதலில் அப்படி ஓடிய ஊர்களில் சென்னையும் ஒன்று. பாரிமுனை, தங்கசாலை, ராயபுரம், மயிலாப்பூர் என்று மாட்டு வண்டிக்கும் சைக்கிளுக்கும் நடுவே மணி அடித்துக்கொண்டு போயிருக்கிறது. பிறகு கம்பெனிக்குக் கட்டுப்படியாகாமல் நின்றுவிட்டது. வண்டிகளை உடைத்தார்கள், தண்டவாளத்தைப் பெயர்த்து எடைக்குப் போட்டார்கள். அதில் வேலை பார்த்தவர்கள் வேறு வேலை தேடிக்கொண்டார்கள். இப்போது அந்தத் தெருக்களில் நின்று டிராம் எங்கே ஓடியது என்று கேட்டால் டீக்கடைக்காரர் நம்மை ஏற இறங்கப் பார்ப்பார்.

இதைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் சென்னையில் ஐந்து பேர். ஞாயிற்றுக்கிழமைகளில் ராயபுரத்தில் ஒரு படிப்பகத்தின் பின்னறையில் கூடுகிறோம். பழைய டிக்கெட், புகைப்படம், கண்டக்டர் ஒருவரின் தொப்பி வரைக்கும் சேர்த்துவிட்டோம். ஒரு கண்காட்சி வைக்கலாம் என்று மற்ற நான்கு பேரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஓரடித் தண்டவாளமாவது இல்லாமல் வைக்கக் கூடாது என்று நான்தான் முட்டுக்கட்டை போட்டேன். டிராம் என்றாலே தண்டவாளம்தான், தொப்பி எல்லா உத்தியோகத்திலும் இருக்கிறது என்பது என் கட்சி.

டிராம் தண்டவாளத்தைக் கண்டுபிடிப்பது சுலபம். ரயில் தண்டவாளத்தின் தலை வழுவழுவென்று இருக்கும். டிராம் தெருவோடு தெருவாகப் புதைந்து ஓடுவதால், சக்கரத்தின் விளிம்பு இறங்கிப் போக அதன் தலையில் நீளவாக்கில் ஒரு பள்ளம் ஓடும். எங்கள் குழுவில் இருக்கும் தேவராஜின் மருமகள் ஆசிரியை. டீச்சர்கள் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்ளும் படங்களில் ஒன்றை அவள் மாமனாருக்குக் காட்டியிருக்கிறாள். கல்வராயன் மலையில் ஒரு தொடக்கப் பள்ளி, வாசலில் புங்க மரம், மரத்தில் கம்பி கட்டித் தொங்கும் பள்ளி மணி. எல்லாப் பள்ளியிலும் இருக்கிற மாதிரி ஒரு தண்டவாளத் துண்டுதான் மணி. படத்தைப் பெரிதாக்கினால் பள்ளம் தெரிந்தது. 

முதல் நாள் உளுந்தூர்பேட்டை வரை ஒரு குறையும் இல்லை. அங்கே பஸ்ஸின் பின் டயர் படுத்துவிட்டது. டிரைவர் இறங்கிப் பார்த்தார், கண்டக்டர் இறங்கிப் பார்த்தார், பிறகு நாங்கள் எல்லோரும் இறங்கிப் பார்த்தோம். மின்சார ரயிலில் டயர் கிடையாது என்பதை நான் இதுவரை ஒரு வசதியாக நினைத்ததே இல்லை. சாலையோர ஓட்டலில் பரோட்டா கிடைத்தது. லாரி டிரைவர்களுக்காகப் போட்ட பரோட்டா, ஒன்று தின்றால் திருச்சி வரை தாங்கும். நான் இரண்டு தின்றுவிட்டுக் கள்ளக்குறிச்சி வரை மூச்சு வாங்கினேன்.

அடுத்த பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் களமருதூர்க்காரர் ஒருவர் உட்கார்ந்தார். மடியில் வெண்டைக்காய்ப் பை. எங்கே போகிறேன், யார் வீட்டுக்கு, எத்தனை பிள்ளைகள், சர்க்கரை உண்டா என்பதையெல்லாம் அரை மணி நேரத்தில் தெரிந்துகொண்டார். ரயிலில் வேலை பார்த்தவன் என்றதும் நிமிர்ந்தார்.

“சின்னசேலத்துலேர்ந்து கள்ளக்குறிச்சிக்கு லைன் போடறாங்களே, எப்பங்க வண்டி வுடுவாங்க?”

எனக்குத் தெரியாது, நான் ஓய்வு பெற்றவன், டிராம் விஷயமாக வந்திருக்கிறேன் என்றேன்.

“டிராமாவா? இன்னா கூத்து போடறீங்க?”

நாடகம் இல்லை, டிராம், தெருவில் ஓடிய ரயில் என்று விளக்கினேன். எங்கே ஓடுகிறது என்றார். இப்போது ஓடவில்லை, அதைத்தான் தேடுகிறேன் என்றேன். அவர் வெண்டைக்காய்ப் பையைக் கொஞ்சம் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு இறங்கும்வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார்.

கள்ளக்குறிச்சியில் லாட்ஜ் மேனேஜரும் அதே இரண்டு கேள்விகளைக் கேட்டார். லைன் எப்போது வரும், டிராமாவா. வரப்போகிற ரயிலைப் பற்றி ஊரே பேசிக்கொண்டிருக்கும்போது போய்விட்ட ஒன்றைத் தேடி ஒருவன் வந்தால் அவன் மேல் யாருக்கும் பெரிய மரியாதை வராது என்று தெரிந்துகொண்டேன்.

மரியாதை கொடுத்தவர் இரும்புக் கடை பாய் ஒருவர்தான். மூன்று தலைமுறையாகப் பழைய இரும்பு வியாபாரம். மறுநாள் காலை கடைக்குப் போய்ப் படத்தைக் காட்டியதும், சிரித்துக்கொண்டே ஒரு முக்காலியை நகர்த்திப் போட்டார்.

“இதுவா. எங்க தாத்தா மெட்ராஸ்லேர்ந்து ஒரு லோடு எடுத்தாந்தாருங்க. அப்பவும் இந்த ஊர்ல ரயிலு இல்ல, ஆனா தண்டவாளத்துக்குக் கிராக்கி ஜாஸ்தி. கெணத்து மேல போட, கொட்டாய்க்கு உத்தரம் வெக்க. வந்து எறக்கிப் பாத்தா அத்தனையும் பள்ளம். மழ பேஞ்சா பள்ளத்துல தண்ணி நிக்குது, துரு புடிக்குது. ஒருத்தனும் சீந்தல. கடைசீல மலைக்கு லோடு ஏத்திக்கினு போன லாரிக்காரன் ஒரு துண்டு கேட்டானாம், சும்மாவே தூக்கிப்போட்டு அனுப்பிச்சாரு.”

மற்றதெல்லாம் என்ன ஆயிற்று என்றேன். உருக்கிவிட்டோம் என்றார். சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்த்து, டீ வரவழைத்துக் கொடுத்தார். ஆக, அந்த ஒரு துண்டுதான் பாக்கி.

வெள்ளிமலை பஸ் மலையடிவாரம் வரை பஸ்ஸாகவும் அதற்கு மேல் ராட்டினமாகவும் ஓடுகிறது. கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் என் பக்கத்துக் கோழி என் மடிக்கு வந்தது, கோழிக்காரம்மா மன்னிப்புக் கேட்டபடியே வாங்கிக்கொண்டார். ஜன்னலில் மரவள்ளித் தோட்டமும் சாமைக் கொல்லையும் மாறி மாறி வந்தன. தாம்பரம் பாதையில் முப்பத்து மூன்று வருடத்தில் பார்க்காத பச்சையை ஒரு மணி நேரத்தில் பார்த்தேன். பாதி நேரம் கண்ணை மூடியிருந்ததையும் சொல்லிவிட வேண்டும்.

வெள்ளிமலையில் இறங்கி ஒரு டீக்கடையில், இந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் டிராம் இருக்கிறதாமே என்று கேட்டேன். பேசிக்கொண்டிருந்த நான்கு பேரும் வாயை மூடினார்கள். ஒருவர் எழுந்து போயே போய்விட்டார். கடைக்காரர் டீயை ஆற்றியபடி, மிகப் பணிவாக, “டிரம்மெல்லாம் இப்ப யாரும் வெக்கிறதில்லீங்க. நீங்க வோணா எங்க வோணாலும் பாத்துக்கலாம்” என்றார்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஓரமாக நின்ற ஜீப் டிரைவர் ஒருவர் என்னைத் தனியாக அழைத்துப் போனார். நாற்பது வயது இருக்கும். பெயர் அண்ணாமலை.

“சார், இந்த மலையில வெள்ளைச் சட்டை போட்டுக்கினு வந்து டிரம்மு எங்கன்னு கேட்டா, சாராய ஊறலைத் தேடற போலீசுன்னுதான் நெனைப்பாங்க. உங்களுக்கு இன்னா வோணும், என்கிட்டச் சொல்லுங்க.”

படத்தைக் காட்டினேன். “இது எங்க எதிர் மேட்டு ஊரு மணியாச்சே” என்று சொல்லி என் பையை வாங்கி ஜீப்பில் போட்டார். அந்த ஊரின் பெயரை எழுத வேண்டாம் என்று பள்ளி டீச்சர் பிறகு கேட்டுக்கொண்டதால் நான் எழுதவில்லை.

அண்ணாமலையின் வீடு ஒரு மேட்டில் இருக்கிறது. நடுவில் ஓடைப் பள்ளம். எதிர் மேட்டில் பள்ளிக்கூடம் இருக்கிற ஊர். குறுக்கே பார்த்தால் கூரைகள் தெரிகின்றன, ஜீப் பாதையோ மலையைச் சுற்றிக்கொண்டு போக ஒரு மணி நேரம் ஆகிறது. வழியில் எங்கோ ‘டண் டண்’ என்று சத்தம் வந்தது. “அது கீழூரு. லாரி ரிம்மு. ரேசன் வந்திருக்குது” என்றார். இன்னொன்று மெல்லிசாக வந்தது. “அது கோயிலு.” வேடிக்கையாக இருந்தது. நானும் மணிச் சத்தத்திலேயே வயிறு வளர்த்தவன் என்றேன். மின்சார ரயிலில் டிரைவர் ஒரு முனை, கார்டு ஒரு முனை. ஒரு மணி அடித்தால் நிறுத்து, இரண்டு அடித்தால் கிளம்பு. அவர் தலையை ஆட்டினார். தொழில்முறையில் இரண்டு பேரும் ஒன்று என்று எனக்கு அப்போது ஒரு பெருமை.

பள்ளியில் ஒரே ஆசிரியை, சாந்தி டீச்சர். சங்கராபுரத்துக்காரர், வாரம் முழுக்க இங்கேயே தங்கிக்கொள்கிறார். அண்ணாமலை விஷயத்தைச் சொன்னதும் டீச்சர் நேராக மரத்தடிக்கு அழைத்துப் போனார்.

இரண்டடி நீளம். ஒரு பக்கம் அடிபட்டு அடிபட்டு வெள்ளியாக மினுங்கியது. பள்ளத்தில் விரலை வைத்து இந்த முனையிலிருந்து அந்த முனை வரை இழுத்துப் பார்த்தேன். தங்கசாலையிலோ மவுண்ட் ரோட்டிலோ எத்தனை சக்கரம் இதில் போயிருக்கும். எனக்குக் கண் கலங்கிவிட்டது. சுற்றி நின்ற பிள்ளைகள் மணியைத் தொட்டு அழுகிற ஆளை முதன்முதலாகப் பார்த்தார்கள். டீச்சர் அவர்களை உள்ளே விரட்டினார்.

ஜீப் நாளைச் சாயங்காலம் என்னை அழைத்துப் போக வருவதாகச் சொல்லித் திரும்பிவிட்டது. இரவுச் சாப்பாடு சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும். சமைத்தது காளியம்மா, பள்ளிச் சத்துணவும் அவர் பொறுப்புதான். பக்கத்தில் அவர் மருமகள் பழனியம்மா முறத்தில் மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். நிறைமாதம். புருஷன் கேரளாவுக்கு மிளகு பறிக்கப் போயிருந்தான். ஊரில் பாதி ஆண்பிள்ளைகள் அப்படித்தான்.

சாப்பிட்டு முடித்ததும் விஷயத்துக்கு வந்தேன். இதற்குப் பதில் நல்ல வெண்கல மணியே வாங்கித் தருகிறேன், இதை எனக்குக் கொடுங்கள். டீச்சர் காளியம்மாவைப் பார்த்தார். காளியம்மா குழம்புச் சட்டியை மூடினார்.

“மணியக் குடுத்துட்டா ஜீப்ப எப்டிக் கூப்புடறதுங்க?”

அப்போதுதான் விவரம் தெரிந்தது. அந்த ஊரில் செல்போன் எடுக்காது. பாம்பு கடித்தாலும், ஜுரம் கண்டாலும், பிரசவ வலி வந்தாலும், மணியை விடாமல் அடிப்பார்கள். ஓடைக்கு அந்தாண்டை அண்ணாமலைக்குக் கேட்கும். ஜீப் கிளம்பி வரும். பழனியம்மாவுக்கு நாள் நெருங்கிவிட்டது. வெண்கல மணி அத்தனை தூரம் கேட்குமா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது.

அந்த இடத்தில் விட்டிருக்க வேண்டும். நான் விடவில்லை. கண்காட்சிக்கு முக்கால் அடி போதும், மிச்சம் ஒன்றேகால் அடி உங்களுக்கே, அதை அடித்தால் கேட்காதா என்றேன். காளியம்மா யோசித்தார். டீச்சர் யோசித்தார். ஜன்னல் கம்பி வைக்க மறுநாள் காலை வெள்ளிமலையிலிருந்து தங்கராசு என்ற வெல்டிங்காரர் வருவதாக இருந்தது, அவரிடம் அறுக்கிற மிஷின் இருக்கிறது. எல்லாம் கூடி வந்த மாதிரி இருந்தது. நியாயமான ஏற்பாடு என்று மூன்று பேரும் ஒத்துக்கொண்டோம். பழனியம்மா மட்டும் ஒன்றும் சொல்லவில்லை, அவளை யாரும் கேட்கவும் இல்லை.

மூன்றாம் நாள் காலை தங்கராசு வந்தார். பொறி பறந்தது. நான்கு கட்டிங் வீல் தேய்ந்து போயின. “இன்னா இரும்பு சார் இது, அறுபடவே மாட்டேங்குது” என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. என் துண்டைத் துணியில் சுற்றிப் பையில் வைத்தேன். மிச்சத்தை மறுபடி மரத்தில் கட்டினோம். டீச்சர் அடித்துப் பார்த்தார். முன்பு ‘டோம்’ என்று வந்தது இப்போது ‘ணிங்’ என்று வந்தது. பிள்ளைகள் சிரித்தன. சத்தம் குறையவில்லை, இன்னும் கொஞ்சம் கணீரென்றே இருந்தது. நல்லாத்தான் இருக்குது என்றார் காளியம்மா. தங்கராசு மிஷினைக் கட்டிக்கொண்டு பைக்கில் போய்விட்டார்.

அவர் போய் அரை மணி நேரத்தில் பழனியம்மாவுக்கு வலி வந்தது.

காளியம்மா பதறவில்லை. மரத்தடிக்குப் போய், கம்பியை எடுத்து, விடாமல் அடித்தார். கை ஓய்ந்ததும் டீச்சர் அடித்தார். பிறகு பழனியம்மாவை மரத்தடிக்கே அழைத்து வந்து பாயில் சாய்த்தார்கள். ஜீப் வர ஒரு மணி நேரம் ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும், அதனால் ஒரு மணி நேரம் யாரும் எதுவும் நினைக்கவில்லை. காத்திருந்தோம். அவள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். காளியம்மா இடுப்பைப் பிடித்துவிட்டார். நான் பாதையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஒரு மணி நேரம் ஆகி, அதற்கு மேலும் ஆயிற்று. ஜீப் சத்தமே இல்லை. மறுபடி அடித்தார்கள். பழனியம்மா இப்போது சத்தம் போட ஆரம்பித்திருந்தாள். பாயில் ரத்தம் இருந்தது. ஆண்பிள்ளைகள் கொல்லை வேலைக்குப் போயிருந்தார்கள், டீச்சரும் காளியம்மாவும் அவளை விட்டு நகர முடியாது. சும்மா நின்றுகொண்டிருந்தவன் நான் ஒருவன்தான்.

“ஓடையில எறங்கி ஏறுங்க சார். ஒத்தையடிப் பாதை, தவறாது” என்றார் டீச்சர்.

எனக்கு அறுபத்து மூன்று வயது, வலது முழங்கால் தேய்மானம். இறங்கும்போது இரண்டு இடத்தில் உட்கார்ந்துகொண்டே சறுக்கினேன். ஓடையில் செருப்பு ஒன்று போயிற்று. ஏறும்போது பின்னால் மறுபடியும் ‘ணிங் ணிங்’ என்று கேட்டது. நன்றாகவே கேட்டது. இத்தனை தெளிவாகக் கேட்கிறதே, இந்த ஆள் ஏன் வரவில்லை, எங்காவது சவாரி போய்விட்டாரா என்று அவரை மனசுக்குள் திட்டிக்கொண்டே ஏறினேன்.

அண்ணாமலை வீட்டு வாசலில் ஜீப்பைக் கழுவிக்கொண்டிருந்தார். என் கோலத்தைப் பார்த்து வாளியைக் கீழே வைத்தார்.

“மணி அடிக்கிறாங்க, ஒன்றரை மணி நேரமா” என்றேன். மூச்சு வரவில்லை.

“எங்க அடிச்சாங்க? காலைலேர்ந்து இங்கியேதான் இருக்கறேன்.”

நான் கையைத் தூக்கினேன். எதிர் மேட்டிலிருந்து ‘ணிங் ணிங் ணிங்’.

“அதுவா? யாரோ இரும்பு தட்டிக்கினு இருக்காங்கன்னு நெனைச்சேன். அது எங்க மணி இல்லியே சார்.”

என் தொழிலில் எண்ணிக்கைதான் எல்லாம். மணி எப்படி ஒலித்தாலும் ஒன்று ஒன்றுதான், இரண்டு இரண்டுதான். முப்பத்து மூன்று வருடம் நான் ஒரு மணியின் குரலைக் கவனித்ததே இல்லை. இந்த மலையில் எண்ணிக்கைக்கு மதிப்பில்லை. எந்த ஊர் கூப்பிடுகிறது என்பதைக் குரலை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறார்கள். அந்தக் குரலை நான் அன்று காலை நான்கு கட்டிங் வீல் வைத்து அறுத்துவிட்டேன். அறுத்ததைச் சொன்னேன். அண்ணாமலை என்னைப் பார்த்த பார்வையை எழுதப் போவதில்லை. ஜீப்பைக் கிளப்பினார். நான் ஏறி முடிப்பதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது.

ஒரு மணி நேரப் பாதையை அவர் அரை மணி நேரத்தில் ஓட்டினார். பழனியம்மாவைப் பின் சீட்டில் கிடத்தி, காளியம்மா மடியில் தலையை வைத்துக்கொண்டார். எனக்கு இடம் இல்லை. பின்படியில் நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டேன். வெள்ளிமலை வரும்வரை அவள் முனகலைத்தான் கேட்டுக்கொண்டு வந்தேன், ஒரு கட்டத்துக்கு மேல் அதுவும் கேட்கவில்லை. எனக்குப் பயமாக இருந்தது. இதை வேறு மாதிரி எழுத எனக்குத் தெரியவில்லை.

வெள்ளிமலை ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா ஸ்டிரெச்சரைத் தள்ளிக்கொண்டே சத்தம் போட்டார்.

“இவ்ளோ நேரம் இன்னா பண்ணிக்கினு இருந்தீங்க? வலி எப்ப வந்துது?”

காளியம்மா நேரத்தைச் சொன்னார். ஏன் தாமதம் என்று ஜீப்பிலேயே அண்ணாமலை சொல்லியிருந்தும், அதைச் சொல்லவில்லை. நான் சொல்ல வாயெடுத்தேன், கதவு மூடிக்கொண்டது.

பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். காலில் ஒரு செருப்போடு இருந்த என்னைப் பார்த்து, நான்தான் நோயாளி என்று நினைத்து ஒருவர் டோக்கன் வாங்கி வந்து கொடுத்தார். அதைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தேன். குழந்தை பிறந்துவிட்டது, அம்மாவுக்கு ரத்தம் நிறையப் போய்விட்டது, கள்ளக்குறிச்சிக்கு அனுப்ப வேண்டும் என்று வந்து சொன்னார்கள். ஆம்புலன்ஸில் காளியம்மா ஏறினார். ஏறுவதற்கு முன் என்னிடம் வந்தார். என்ன சொன்னாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக நின்றேன்.

“காலைலேர்ந்து ஒண்ணும் சாப்புடலியே நீங்க. கடையில இட்லி இருக்கும், போய்ச் சாப்புடுங்க. நீங்க இன்னா பண்ணுவீங்க, எங்களுக்கே தோணல.”

திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் இட்லி உள்ளே போயிருக்கும்.

அன்று வெள்ளிமலையிலேயே தங்கினேன். பொழுது சாய்ந்த பிறகு அண்ணாமலைக்கு போன் வந்தது. இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றியிருக்கிறார்கள், கண் விழித்துவிட்டாள், பெண் குழந்தை, இரண்டு உயிரும் பிழைத்தது. அவர் சொல்லி முடித்துவிட்டு என் தோளில் கை வைத்தார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நடுரோட்டில் அழுதேன். காலை வரைக்கும் டிரம் தேடி வந்த போலீஸ் என்று என்னை நினைத்திருந்த டீக்கடைக்காரர் ஸ்டூல் கொண்டுவந்து போட்டார்.

நான்காம் நாள் காலை முதல் வேலையாகத் தங்கராசு கடைக்குப் போனேன். இரண்டு துண்டையும் சேர்த்து ஒட்ட முடியுமா?

“ஒட்டலாம் சார். சத்தம் ஒட்டாது” என்றார்.

ஜீப்பில் ஏறி ஊருக்குப் போனேன். என் பையிலிருந்த முக்கால் அடியை டீச்சர் மேஜையில் வைத்து, இது எனக்கு வேண்டாம் என்றேன். டீச்சர் அதைத் தூக்கி மறுபடியும் என் கையிலேயே கொடுத்தார்.

“இங்க இதை வெச்சிக்கினு நாங்க இன்னா சார் பண்றது? யாராவது எடுத்து அடிச்சுப் பாப்பாங்க. அது ஒரு சத்தம், இது ஒரு சத்தம். அண்ணாமலை எதுக்கு வருவாரு? நீங்க எடுத்துக்கினு போயிடுங்க.”

எதற்காக வந்தேனோ அதையே எடுத்துக்கொண்டு போகும்படி ஆகிவிட்டது.

பிறகு அண்ணாமலை ஒரு காரியம் செய்தார். நான் கேட்டுக்கொண்டதும் இல்லை, டீச்சர் சொன்னதும் இல்லை. பதினொரு மணிக்கு ஐந்து தடவை அடிக்கும்படி டீச்சரிடம் சொல்லிவிட்டு, என்னை மறுபடி ஜீப்பில் ஏற்றித் தன் வீட்டுக்கு அழைத்துப் போனார். கொல்லை வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மனைவியையும் அக்கம்பக்கத்து இரண்டு வீட்டாரையும் வாசலில் நிறுத்தினார். பதினொரு மணிக்கு எதிர் மேட்டில் டீச்சர் அடிக்க ஆரம்பித்தார். ‘ணிங் ணிங்.’ ஆட்டுச் சத்தத்துக்கு நடுவே எல்லோரும் அதைக் கேட்டார்கள். அண்ணாமலை கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

“இன்னொரு தபா அடிப்பாங்க, கேட்டுக்கோ” என்றார் மனைவியிடம். “இனிமே எதிர் மேட்டு மணி இதான். நான் இல்லாட்டி நீ கேட்டு, எனக்கு ஆளனுப்பணும்.”

அந்த அம்மா கவனமாகக் கேட்டுக்கொண்டார். அப்புறம், யாரிடமும் இல்லாமல் பொதுவாக, “பழைய சத்தம் நல்லா இருந்துது” என்றார். ஐந்து தடவை அடித்து முடித்தார்கள். ஐந்தாவது தடவை அண்ணாமலை கண்ணைத் திறந்து, “செரி, ஏறிடுச்சு” என்று காதைத் தொட்டுக் காட்டினார். நான் மடியில் முக்கால் அடி இரும்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

திரும்பும் வழியில் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் இறங்கினேன். பழனியம்மா படுத்தபடியே சிரித்தாள். குழந்தையை என்னிடம் நீட்டினார்கள். எனக்குக் குழந்தை தூக்கத் தெரியாது என்று பொய் சொன்னேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை படிப்பகத்தில் ஐந்து பேரும் கூடினோம். மேஜை மேல் துணியைப் பிரித்தேன். ஒவ்வொருவராகப் பள்ளத்தில் விரலை வைத்துப் பார்த்தார்கள். தேவராஜ் சும்மா இருக்க மாட்டார். இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து, “எப்படிச் சத்தம் வருதுன்னு பார்ப்போம்” என்று கையை ஓங்கினார்.

நான் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

“என்ன சார், உடைஞ்சா போயிடும்?”

“அடிச்சா யாராவது வரணும், தேவராஜ்” என்றேன்.

அவர் சிரித்தார். மற்றவர்களும் சிரித்தார்கள். நான் சாவிக்கொத்தை வாங்கி என் பையில் போட்டுக்கொண்டேன்.